ஸ்பானிஷ் வினைச்சொல்லை எங்கே வெட்டுவது: அசையிலா, அழுத்தத்திலா, உறுப்பிலா?

வேலை விஷயமாக மெக்ஸிகோவிலிருந்து ஓர் அழைப்பு. ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்த நேரம். நாமும் நாலு வார்த்தை பேசிப் பார்ப்போமே என்று எடுத்துவிட்டேன். போன மாதத்து பில்லுக்கு உங்கள் மேலாளர் பணம் கட்டிவிட்டாரா என்று எதிர்முனையில் கேட்டார். ‘கட்டிவிட்டார்’ என்பதற்கு அந்த மொழியில் ஒரே சொல்: பகோ. நான் சொன்னது பாகொ. அதற்கு ‘நான் கட்டுகிறேன்’ என்று பொருள். அவர் ரொம்பவும் மகிழ்ந்துபோய், அப்படியானால் உங்கள் கார்டு எண்ணைச் சொல்லுங்கள் என்றார்.

அன்று இரவு நோட்டைத் திறந்து பார்த்தேன். ‘கட்டு’ என்ற வினையின் அத்தனை வடிவங்களும் கட்டம் போட்டு அழகாக எழுதப்பட்டிருந்தன. பாகொவும் பகோவும் அடுத்தடுத்த கட்டத்தில் இருந்தன. எங்கே அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. மனப்பாடம் செய்தது என் கண்தான். காதுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

ஒரு வினைச்சொல்லை நோட்டில் எழுதும்போது அதை எப்படி வெட்டி எழுதினால் நல்லது? மூன்று வழி இருக்கிறது. அசை அசையாக வெட்டலாம். அழுத்தம் விழும் இடத்தை மட்டும் குறித்து, அதற்கு முன், பின் என்று பார்க்கலாம். அல்லது நம் பள்ளிக்கூடத்துப் பகுபத உறுப்பிலக்கணம் போல, பகுதி இது, விகுதி இது என்று பிரிக்கலாம். மூன்றையும் மாறி மாறிச் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றும் வெவ்வேறு இடத்தில் வெட்டுகின்றன, வெவ்வேறு வேலைக்குப் பயன்படுகின்றன.

முதலில் ஒரு எழுத்து ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். ஸ்பானிஷில் உண்மையில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஆனால் அழுத்திச் சொல்லும் உயிர் நம் காதுக்குச் சற்று நீண்டுதான் கேட்கும். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நமக்கு அது காதில் விழுவதே இல்லை. அளவு மாறினால் மாறும்: பல், பால்; கொடு, கோடு. இருக்கிற காதை வைத்து இல்லாததைப் பிடிக்கும் வழி இது. எ, ஏ, ஒ, ஓ என்று தனித்தனி எழுத்து வைத்திருக்கும் மொழிக்கு இந்த வசதி உண்டு. பேசும்போது நிஜமாகவே இழுத்துவிடாதீர்கள், பாட்டுப் பாடுவது போல இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ‘பார்’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம்: மிரார். ஸ்பானிஷ் வினைகள் எல்லாம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். இது ஆர் வகை. ‘நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்’ என்பதற்கு மிராபமொஸ். அசையாக வெட்டினால் மி-ரா-ப-மொஸ். அழுத்தம் ரா மேல், அதாவது கடைசியிலிருந்து மூன்றாவது அசை. உறுப்பாக வெட்டினால் மிர் + ஆ + ப + மொஸ்.

அசைப் பிரிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வகுப்புகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. விதி எளிது. இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போகும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கு ஒன்று: ‘இரு’ என்ற எஸ்தார், எஸ்-தார் ஆகும். இரண்டாவது மெய் ல் அல்லது ர் ஆக இருந்து, முன்னால் ப், க் போன்ற ஒன்று வந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போய்விடும். இங்கேதான் நாம் தடுக்கி விழுவோம். ‘பேசு’ என்ற அப்லார் நம் வாயில் அப்-லார். அவர்கள் வெட்டுவது அ-ப்லார். ப்ல என்று தொடங்கும் அசை நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தடுமாற்றம் ‘அசை’ என்ற சொல்லாலேயே வரும். யாப்பு படித்தவர்களுக்கு அசை என்றால் நேர், நிரை. மிராபமொஸை அலகிட்டால் மிரா நிரை, பமொஸ் நிரை: கருவிளம்! வெண்பாவுக்கு இரண்டு அசை, ஸ்பானிஷ்காரருக்கு நான்கு. அவர்களுடைய அசை ஏறக்குறைய உயிர்களின் எண்ணிக்கைதான். குறிலிணை சேர்ந்து ஒன்றாகும் பேச்சே இல்லை. நேர், நிரையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது நல்லது.

சரி, இந்த வெட்டால் என்ன லாபம்? ஒரே ஒரு பெரிய லாபம்: சாய்கோடு. உயிரெழுத்தின் தலைமேல் போடும் அந்தச் சிறு கோட்டை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று அசையை எண்ணாமல் சொல்ல முடியாது. சொல் உயிரிலோ, ன் அல்லது ஸ் என்ற மெய்யிலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில் இருப்பதே இயல்பு. மற்ற மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இயல்பாக இருந்தால் கோடு வேண்டாம், மீறினால் கோடு. மீரன் என்றால் ‘பார்க்கிறார்கள்’; ன்-இல் முடிகிறது, அழுத்தம் முந்தின அசை, கோடில்லை. மிரோ என்றால் ‘பார்த்தான்’. உயிரில் முடிகிறது, அழுத்தம் கடைசியில், ஆகவே கோடு. மிராபமொஸில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவதுக்குப் போய்விட்டதால் கோடு.

அதென்ன ன், ஸ் இரண்டுக்கு மட்டும் சலுகை என்று நானும் ரொம்ப நாள் யோசித்தேன். வினைகளைப் பார்த்தால் புரிந்துவிடும். ‘நீ’ என்பதற்கான விகுதி ஸ், ‘அவர்கள்’ என்பதற்கான விகுதி ன். பெயர்ச்சொல்லின் பன்மை விகுதியும் ஸ். மீர, மீரஸ், மீரன் என்று விகுதி ஏறும்போது அழுத்தம் இடம் மாறுவதில்லை. இவற்றுக்குக் கோடு போட ஆரம்பித்தால் பக்கம் முழுக்கக் கோடாகத்தான் இருக்கும். அசைக்கான விதியிலேயே உறுப்பு ஒளிந்திருக்கிறது.

இரண்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் அசை எண்ணுவதில் தகராறு. ‘சாப்பிட்டான்’ கொம்யோ: இரண்டு அசை. ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தான்’ கொமீய: மூன்று அசை. இரண்டாவதில் ஈ மேல் அழுத்தம் இருப்பதால் அது அடுத்த உயிரோடு ஒட்டாமல் தனியே நிற்கும், கோடும் வாங்கிக்கொள்ளும். நாம் நடுவில் ஒரு ய் உடம்படுமெய்யைப் போட்டுச் சொல்வோம்; ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்தத் தகராறு ஸ்பானிஷுக்கு எழுத்து விதி வகுக்கும் அகாடமி வரைக்கும் போயிருக்கிறது. ‘வழிகாட்டு’ என்ற வினை கியார். ‘நான் வழிகாட்டுகிறேன்’ கீயொ, இரண்டு அசை, சந்தேகமில்லை. ‘வழிகாட்டினான்’ கியோ: இது ஒரே அசையா, கி-யோ என்று இரண்டா? மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஸ்பெயினின் பல பகுதிகளிலும் அர்ஜென்டினாவிலும் இரண்டாகச் சொல்வார்கள். ஓரசைச் சொல்லுக்குக் கோடு கிடையாது என்பது விதி. 1999-இல் வந்த எழுத்திலக்கணம், எழுதும்போது இதை ஓரசை என்று சொல்லிவிட்டு, இரண்டாக உச்சரிப்பவர்கள் கோடு போட்டுக்கொள்ளவும் இடம் கொடுத்தது. 2010-இல் வந்தது அந்த இடத்தை அடைத்துவிட்டது: யார் எப்படிச் சொன்னாலும் எழுத்தில் ஓரசை, கோடு வேண்டாம். இப்படி வாய் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகிற வெட்டை நினைவுக்கான ஏணியாக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அசையின் பெரிய குறை வேறு. அது வேரை உடைக்கிறது. அ-ப்லார் என்று எழுதினால் அப்ல் என்ற வேர் இரண்டு துண்டு. மி-ரா-ப-மொஸில் மிர் எங்கே? அசையாக எழுதின ஐம்பது வினைகளைப் பார்த்து ஐம்பத்தோராவது வினையை உங்களால் ஊகிக்க முடியாது. ‘அடிக்கோடிடு’ என்ற சொல்லில் அசைப் புத்தகமே தடுமாறுவதைப் பார்க்கலாம். ஸுப் என்றால் கீழ், பின்னால் வரும் ர்ரயார் என்றால் கோடிடு. ப், ர் இரண்டும் சேர்ந்து அடுத்த அசைக்குப் போக வேண்டும் என்பது பொது விதி. இங்கே போகாது, ஸுப்-ர்ர-யார் என்றுதான் பிரிப்பார்கள். ஏனென்றால் முன்னொட்டு எங்கே முடிகிறது என்பது பேசுகிறவர் காதில் இருக்கிறது. கடைசியில் உறுப்புதான் ஜெயிக்கிறது.

உறுப்பு வெட்டு தமிழ் படித்தவருக்கு மாமன் வீடு மாதிரி. பார்த்தோம் என்பதை பார் + த் + த் + ஓம் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதியிருப்போம். மிராபமொஸை அதே தாளில் எழுதலாம். மிர் பகுதி. மொஸ் தன்மைப் பன்மை விகுதி, நம் ஓம் போல. ப காலம் காட்டும் இடைநிலை. நடுவிலிருக்கும் ஆ, இது ஆர் வகை வினை என்று சொல்லும் உயிர். வரிசையும் நம் வரிசையே: வேர், காலம், இடம். ‘நாங்கள்’ என்று எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் விகுதியே சொல்லிவிடும், நம்மைப் போல.

வேருக்கும் உயிருக்கும் நடுவில் விழும் வெட்டு ஒரு தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள் விழுகிறது: ரா என்பது ர் + ஆ. அதுவும் நமக்குப் புதிதில்லை. வந்தான் என்பதில் தா-வைப் பிளந்து த் இடைநிலை, ஆன் விகுதி என்று எழுதிப் பழகிய கைதானே.

அந்த நடு உயிரை நன்னூல் சொல்லும் சாரியையோடு ஒப்பிடத் தோன்றும். கொஞ்சம் ஜாக்கிரதை. நம் சாரியை இடைநிலைக்குப் பின்னால் வரும், பார்த்தனன் என்பதில் வரும் முதல் அன் போல. இவர்கள் உயிர் இடைநிலைக்கு முன்னால் வரும். அது செய்யும் வேலை வேறு: எந்த இடைநிலையை எடுக்க வேண்டும் என்று காட்டுவது. ஆர் வகைக்கு ப. ஏர், ஈர் வகைகளுக்கு ஈய. மிராபமொஸ், ஆனால் கொமீயமொஸ். நம் வினைகள் த், ட், ற், இன் என்று வகைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வதற்கு இது சொந்தக்காரத் தோற்றம்.

லாபக் கணக்கு பார்ப்போம். ஏழு காலம், ஆறு இடம் என்று கட்டம் போட்டால் ஒரு வினைக்கு 42 வடிவம். உறுப்பாகப் பார்த்தால் விகுதிகள் கொஞ்சம்தான்: நீ என்றால் ஸ், நாங்கள் என்றால் மொஸ், அவர்கள் என்றால் ன், அவன் அல்லது அவள் என்றால் ஒன்றுமில்லை. ஸ்பெயினில் மட்டும் ‘நீங்கள்’ என்பதற்கு ஓர் இஸ். லத்தீன் அமெரிக்காவில் அதுவும் வழக்கில் இல்லை. இந்த நாலைந்து விகுதி ஏழு காலத்தில் ஆறுக்குச் செல்லும். ப, ஈய வரும் தொடர்காலத்தில், அதாவது ‘பார்த்துக்கொண்டிருந்தோம்’ வகையில், விதியை மீறும் வினைகள் மொத்தமே மூன்று: ஆகு, போ, காண்.

எதிர்காலம் இதைவிட ருசி. மிரரே ‘பார்ப்பேன்’, மிரராஸ் ‘பார்ப்பாய்’, மிரரா, மிரரேமொஸ், மிரரான். முழு வினை மிரார் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஒட்டியிருப்பது ‘உடைமை’ காட்டும் பழைய துணைவினை. 1492-இல் காஸ்டிலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, முதல் இலக்கணம் எழுதிய அந்தோனியோ தெ நெப்ரிஹாவே இதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். பழைய நடையில் இரண்டுக்கும் நடுவில் ‘அதை’, ‘உனக்கு’ போன்ற சொல்லைச் செருகவும் முடிந்தது. நம் செய்தித்தாள் தமிழில் ‘பார்க்க உள்ளேன்’ என்பது ‘பார்க்கவுள்ளேன்’ என்று ஒட்டிக்கொண்டு எதிர்காலமாகிவிட்டதே, அந்தக் கதைதான். மிரர் + ஏ என்று ஒரு முறை எழுதிப் பார்த்தவர் எதிர்கால அட்டவணையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒழுகும் இடங்களும் உண்டு. மீரொ ‘பார்க்கிறேன்’: இதில் ஒ என்பது இடமா, காலமா, வகை உயிரா? எல்லாம் ஒரே எழுத்தில். மேலும் வெட்ட முடியாது. முடிந்துபோன இறந்தகாலமும் அப்படியே: மிரே, மிராஸ்தெ, மிரோ என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டி. மிராமொஸ் நிகழ்காலமும் அதுவே, இறந்தகாலமும் அதுவே. சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ‘போனேன்’ என்பதற்கும் ‘ஆனேன்’ என்பதற்கும் ஒரே ஃப்வி. இவற்றை வெட்ட உட்காராதீர்கள், முழுசாக விழுங்கிவிடுங்கள். நம்மிடமும் ‘வா’ வந்தேனில் ‘வ’ ஆகிறது, வருகிறேனில் ‘வரு’ ஆகிறது. யாரும் காரணம் கேட்டுப் பேசுவதில்லை.

உறுப்பு வெட்டின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பாக் + ஒ, பக் + ஓ. உறுப்பாக மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றே! என் கார்டு எண்ணைக் கேட்ட மனிதரிடமிருந்து உறுப்பிலக்கணம் என்னைக் காப்பாற்றியிருக்காது.

அழுத்தம் என்பது ஏதோ உச்சரிப்பு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரே எழுத்துக் கோவை மூன்று சொல்லாவதைப் பாருங்கள். தேர்மினொ: ‘தவணை, கலைச்சொல்’ என்ற பெயர்ச்சொல். தெர்மீனொ: ‘முடிக்கிறேன்’. தெர்மினோ: ‘முடித்தான்’. அசை மூன்றுக்கும் மூன்றுதான், வெட்டும் இடமும் அதேதான். நெடில் ஒவ்வோர் அசையாக நகர, பொருள் மாறிக்கொண்டே போகிறது. இதை உரக்க நாலு முறை சொல்லிப் பார்த்தால் ஒரு மாத வகுப்புக்குச் சமம் என்பேன்.

வினைக்குள் அழுத்தம் தறிகெட்டு அலைவதில்லை. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் வேர் மேல்: மீரொ, மீரஸ், மீர, மீரன். ‘நாங்கள்’ வந்தால் வேரை விட்டு இறங்கிவிடும்: மிராமொஸ். தொடர்காலத்தில் ஆறு வடிவத்திலும் அந்த நடு உயிர் மேலேயே ஆணி அடித்தது போல நிற்கும்: மிராப, மிராபஸ், மிராபமொஸ், மிராபன். ஸ்பானிஷுக்குத் தாயான லத்தீனில் ‘நாங்கள்’, ‘நீங்கள்’ வடிவங்களுக்கு மட்டும் அழுத்தம் அடுத்த அசைக்குப் போயிருந்தது. ஸ்பானிஷ் பேசியவர்கள் மற்ற நான்கோடும் ஒத்துப்போகும்படி அவற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இந்த இழுப்பு இன்னும் ஓயவில்லை. ‘எங்களிடம் இருக்கட்டும்’ என்ற தெங்காமொஸை சில ஊர்களில் பேச்சில் தேங்கமொஸ் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தப்பு என்று திருத்துவார்கள். தர்க்கம் என்னவோ தொடர்காலத்தின் தர்க்கமேதான்.

அழுத்தத்தைக் குறித்தால் கிடைக்கும் பெரிய பரிசு, ‘விதிவிலக்கு’ என்று புத்தகம் பயமுறுத்தும் ஒரு பெரிய கூட்டம் ஒழுங்குக்கு வந்துவிடுவது. ‘முடியும்’ என்பதற்கான வினை பொதேர். ப்வேதொ, ப்வேதெஸ், ப்வேதெ, ப்வேதென், ஆனால் பொதேமொஸ். ‘நினை’ பென்ஸார்: ப்யேன்ஸொ, ப்யேன்ஸஸ், ப்யேன்ஸ, ப்யேன்ஸன்; ஆனால் பென்ஸாமொஸ். புத்தகம் இதை வேர் மாறும் வினைகள் என்று தனி அட்டவணையாகப் போடும். நெடிலைப் பாருங்கள். வேர் மேல் அழுத்தம் விழும் இடத்தில் எல்லாம் ஒ என்பது வே ஆகிறது, எ என்பது யே ஆகிறது. அழுத்தம் இறங்கிய உடனே பழைய ஒ, எ திரும்பி வருகிறது. லத்தீனின் குறில் ஒ-வும் குறில் எ-யும் அழுத்தத்தின் கீழ் இப்படி உடைந்தன. வினைக்கு மட்டும் நடந்ததில்லை இது: ஒன்பது ந்வேபெ, தொண்ணூறு நொபேன்த, கதவு ப்வேர்த்த, வாயில் காப்பவர் பொர்த்தேரொ.

அர்ஜென்டினாவுக்குப் போனால் இதற்கு நேரடிச் சாட்சி கிடைக்கும். அங்கே ‘நீ’ என்பதற்கு வேறு சொல், வொஸ் என்று எழுதி பொஸ் என்பார்கள். அதற்கான வினையில் அழுத்தம் கடைசிக்குப் போய்விடும். மெக்ஸிகோக்காரர் ப்வேதெஸ் என்பதை அர்ஜென்டினாக்காரர் பொதேஸ் என்பார். அழுத்தம் வேரை விட்டது, வே-யும் போயிற்று. இதற்காக அர்ஜென்டினாவுக்கு ஒரு தனி அட்டவணை போடுவார்கள் சிலர். நெடிலை ஓரசை நகர்த்தினால் போதும்.

எல்லா ஒ, எ-யும் உடையாது. ‘கடன்படு, வேண்டும்’ என்ற பொருளில் வரும் தெபேர், தேபொ என்றே இருக்கும், ஏனென்றால் லத்தீனில் அதற்கு நெடில் ஏ. எந்த வேர் உடையும் என்பதை ஒவ்வொன்றாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வடிவத்தில் உடையும் என்பதற்குத்தான் அழுத்தம் பதில் சொல்கிறது. ‘கேள்’ என்ற பெதீர் வேறு ரகம். பீதொ ‘கேட்கிறேன்’ சரி. ஆனால் ‘கேட்டான்’ என்பதற்கு பித்யோ என்று அழுத்தம் இல்லாத இடத்திலும் எ என்பது இ ஆகிறது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொரு கூட்டம்: தூபொ ‘வைத்திருந்தான்’, பூதொ ‘அவனால் முடிந்தது’, தீஹொ ‘சொன்னான்’. சாதாரண வினைகளில் மிரோ, கொம்யோ என்று கடைசியில் அழுத்தம். இவற்றில் வேர் மேல். வேரும் உருமாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைவில் வைத்தால், இவற்றுக்கு ஏன் சாய்கோடு இல்லை என்ற கேள்வியே எழாது.

தா என்றால் ஸ்பானிஷிலும் ‘தா’தான். தற்செயல்; உறவு கொண்டாட வேண்டாம். ‘எனக்கு அதைத் தா’ என்பதற்கு தாமெலொ: தா, எனக்கு, அதை என்று மூன்றும் ஒட்டி ஒரே சொல். தா தனியே நிற்கும்போது கோடில்லை. மெ, லொ ஒட்டியதும் அழுத்தம் அசையாமல் அதே இடத்தில் நிற்க, பின்னால் இரண்டு அசை கூடிவிட்டது. கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம், ஆகவே கோடு. இந்த ஒரு சொல்லுக்கு மூன்று வெட்டும் தேவைப்படுகின்றன.

அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் வேலையைப் பொறுத்தது. எழுத்துத் தேர்வு எழுதப் போகிறவர், மின்னஞ்சலில் வேலை பார்ப்பவர், அசை எண்ணும் விதியைக் கட்டாயம் கற்க வேண்டும். அரை நாள் வேலை. பாட்டு பாடுகிறவருக்கும் கவிதை படிக்கிறவருக்கும் அசைதான் அடிப்படை, அங்கே நான் குறுக்கே வரமாட்டேன். நாளிதழ் வாசிக்க மட்டும் ஸ்பானிஷ் வேண்டுமென்றால் உறுப்பு ஒன்றே போதும். வாயைத் திறந்து பேசப் போகிறவர் அழுத்தத்தை விட்டால் பாகொ, பகோ கதைதான்.

என் தீர்ப்பு: நோட்டில் உறுப்பாக வெட்டி எழுதுங்கள், அந்த வெட்டின் மேலேயே அழுத்தத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டாம். அசை, கோடு போடுவதில் சந்தேகம் வரும்போது விரலை மடக்கி எண்ணுவதற்கு. முதல் மாதமே அசை, மூன்றாம் மாதம் அட்டவணை, அழுத்தம் போகப் போக வந்துவிடும் என்று சொல்லும் பாடத்திட்டங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அழுத்தம் தானாக வராது. தமிழ்க் காதுக்கு அது வர ஒரு காரணமும் கிடையாது.

இப்போது என் நோட்டில் பொதேர் இப்படி இருக்கிறது. ஒரு வரி: ப்வேத்-ஒ, ப்வேத்-எ-ஸ், ப்வேத்-எ, ப்வேத்-எ-ன். அடுத்த வரி தனியாக: பொத்-ஏ-மொஸ். அதன் பக்கத்தில் பென்சிலில் பொத்-ஏ-ஸ், அர்ஜென்டினா. அதற்குக் கீழே பூத்-ஒ, கோடில்லை. எதிர்காலத்துக்கு பொத்ர்-ஏ என்று ஒன்று மட்டும். ஒரு வினைக்கு அரைப் பக்கத்துக்கும் குறைவு. பழைய நோட்டில் இதே வினை இரண்டு பக்கத்தைத் தின்றிருந்தது.

இந்த ஏற்பாட்டிலும் மாட்டாத சில உண்டு. இ-யோடு ஆர் சேர்ந்து முடியும் வினைகள். ‘மாற்று’ கம்ப்யார், ‘அனுப்பு’ எம்பியார். பார்வைக்கு ஒரே அச்சு. ‘மாற்றுகிறேன்’ காம்ப்யொ, அழுத்தம் முன்னால். ‘அனுப்புகிறேன்’ எம்பீயொ, அழுத்தம் ஈ மேல். அசையாக வெட்டினாலும் உறுப்பாக வெட்டினாலும் எது எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உ-வோடு ஆர் சேர்ந்தவற்றில் ஒரு துப்பு இருக்கிறது: உ-வுக்கு முன் க் இனத்து ஒலி வந்தால் அபெரீக்வொ ‘விசாரித்து அறிகிறேன்’ போல, வேறு வந்தால் அக்தூவொ ‘செயல்படுகிறேன்’ போல. முதல் கூட்டத்தில் இரண்டு விதமாகவும் சொல்லக்கூடிய சில உண்டு, பரவாயில்லை. இ-க்கு அந்தத் துப்பும் கிடையாது. அதனால் அந்த வினைகளை மிரார், கொமேர் என்று எழுதுவது போல எழுதாமல், ‘நான்’ வடிவத்திலேயே நோட்டின் பின்னட்டையில் இரண்டு பத்தியாக எழுதி வருகிறேன். இடப் பக்கம் காம்ப்யொ, வலப் பக்கம் எம்பீயொ. கியாரின் கீயொ வலப் பக்கம் மூன்றாவது.